ராகுகாலத்துக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் அறையில் கற்பூரப் புகையும் வெல்டிங் புகையும் ஒன்றாகக் குமட்டுகின்றன. புது விண்டோஸ் ஏற்றியதிலிருந்து கம்ப்யூட்டரின் பாதுகாப்பு சிப் முரண்டு பிடிக்கிறது. டிஸ்க்கைப் பூட்டிய சாவி அந்தச் சிப்புக்குள்தான் இருக்கிறது. மாற்றுச் சாவியை யாரும் எடுத்து வைக்கவில்லை. டிராயிங் போடும் சுகிர்தா ஒரு வருஷமாக வரைந்தது அத்தனையும் உள்ளே கிடக்கிறது. சிப்பை அழித்துவிடவா, சரியென்றால் எண்டரைத் தட்டு என்று கேட்டபடி திரை காத்து நிற்கிறது. "கை வெச்சிடாதீங்க சார், அழிஞ்சா எல்லாம் பூடும்" என்றவள், சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஆளுக்குப் போன் போட்டு வழி கேட்கிறாள். மேனேஜர் ஜெயவேலு ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வருகிறார். வாராவாரம் அவர் வைத்த சந்தனம் கீபோர்டில் அழுக்கோடு பொருக்குத் தட்டியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறார். "இன்னாம்மா, ராகுகாலம் வந்துகினு இருக்குது, இன்னும் ஸ்டார்ட் பண்ணாம பேஜாரு பண்ற?" அந்த ஈர விரல் நேராக எண்டரில் இறங்குகிறது. திரை கறுத்து, மறுபடி வெளிச்சமாகி, இனி எங்கும் இல்லாத சாவியைக் கேட்கிறது. சுகிர்தாவின் காதில் போன் அலோ அலோ என்கிறது. ஜெயவேலு விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "பாத்தியா, பத்தரைக்குள்ள ஸ்டார்ட் ஆயிடுச்சு."