காது கேளாத மலை

"உங்க மலைக்குக் காதுதான் செவிடு அக்கா. வாய்க்கு ஒரு குறையும் இல்ல," என்றான் மெக்கானிக் ஃபாவியோ, படகுகளோடு பேசும் மலையுச்சி ரேடியோ அறையில் டூப்ளெக்ஸர் கருவியின் ஆறு செப்பு உருளைகளையும் தட்டிப் பார்த்தபடி.

தோமாசினா காபியை ஊற்றி நீட்டினாள். அவள் கணவன் பிரிமித்திவோவின் மீன்பிடிப் படகு வியாழக்கிழமை போனது. இரண்டு நாளாக ரேடியோவில் குரலே இல்லை. வடக்கே புயல் திரண்டுகொண்டிருந்தது.

"அப்போ அவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டிருப்பாரு. ஒரே ஆன்டெனாவுல பேசவும் வேணும், கேக்கவும் வேணும். தன் சத்தமே தன் காதை அடைக்காம பாத்துக்கிறதுதான் இந்த உருளைங்க வேலை. ஒண்ணு பிசகினாலும் தூரத்துப் படகோட குரல் கேக்காது."

"சரி பண்ணிடுவியா? போன வருஷம் வந்தவன் ஆன்டெனாவையே கழட்டிப் போட்டுட்டுப் போனான்."

"அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாக்கிறவன். நான் ஃபாவியோ. இந்தக் காபி ஆறுறதுக்குள்ள பாருங்க."

மூன்றாவது உருளையில் அவன் கை நின்றது.

"பூட்டு நட்டு தளர்ந்திருக்கே! யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகியிருக்காங்க."

"இருக்காது தம்பி. இந்த அறைக்கு ஒரே சாவிதான். அது எங்க வீட்டுல இருக்கு. எங்க வீட்டுக்காரர்தான் வாராவாரம் வந்து பெருக்கிட்டுப் போவாரு."

ஃபாவியோ தோளைக் குலுக்கினான். உருளையின் கம்பியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்து அடியைத் தொட்டது. நட்டை இறுக்கினான்.

"இனிமே கொசு இருமினாலும் கேக்கும். கூப்பிடுங்க."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு மைக்கை அழுத்தினாள்.

"பிரிமித்திவோ! கேக்குதா? கடற்படைக்காரங்களைத் தேடச் சொல்லப் போறேன்!"

கரகரப்பு. அமைதி. பிறகு, பக்கத்தில் நின்று பேசுவது போல அவன் குரல்.

"கடற்படையா? வேண்டாம், வேண்டாம்! நான் நல்லா இருக்கேன் தங்கம்!"

தோமாசினா விம்மி அழுதாள். ஃபாவியோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"வெள்ளித்திட்டையும் தாண்டி நடுக்கடல்ல நிக்கிறேன். சுத்திலும் தண்ணிதான். வர இன்னும் ரெண்டு நாள் ஆகும்..."

அவன் மைக்கை விடுவதற்குள், அவனுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது. "சூ, சூ!" என்று ஒரு பெண் அதை விரட்டினாள்.