பாலத்துக்கு அந்தப் பக்கம் சாப்பாடு

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் ஜெயராஜா.

பட்டணத்துச் சபையின் சிவப்புத் தீயணைப்பு வண்டி, வாவிப் பாலத்தைத் தாண்டி, அடுத்த சபையின் எல்லைக்குள், ஆச்சிப்பிள்ளையின் சோற்றுக்கடை முன்னால் வேம்பு நிழலில் நின்றுகொண்டிருந்தது.

ஜெயராஜா பட்டணத்துச் சபைக்குப் புதிதாக வந்த உறுப்பினர். "நம்மட வண்டி ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பிடப் பாலம் தாண்டிப் போகுது" என்று யாரோ காதில் போட்ட நேரத்திலிருந்து மனுசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தார். பின்னேரம் சபைக் கூட்டம். நோன்பு துறக்கும் நிகழ்வும் இருப்பதால் வழமையைவிட முந்தியே தொடங்கும். அதில் இந்தச் சாரதியின் வேலைக்கு உலை வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

சாரதி வண்டியில் சாய்ந்து வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உதவியாளர்கள் இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"இது எங்கட சாப்பாட்டு நேரம் சேர்."

"ஏன், பட்டணத்தில சோறு இல்லியா?"

"இஞ்ச மீன் குழம்பு நல்லமாம் எண்டு சொன்னாங்க சேர்."

"ஒவ்வொரு நாளும் வாறீங்களாமே?"

"ஓம் சேர். அறுவடை முடியும் மட்டும் வருவம்."

ஒளிவு மறைவே இல்லை. ஜெயராஜாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் வாசனை அதைவிட மேலே ஏறியது. அவருக்குத் தவக்காலம். இறைச்சியை விட்டிருந்தார். விட்டதைச் சந்திக்கிற எல்லோரிடமும் சொல்லியுமிருந்தார். மீனுக்குத் தடையில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஆச்சிப்பிள்ளை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "தம்பி சபையிலயா இரிக்கீங்க? வண்டிய அனுப்புற ஒப்பந்தம் என்ன மாதிரி?"

"இண்டைக்குத்தான் வாக்கெடுப்பு அக்கா."

அயற்சபையில் தீப்பிடித்தால் வண்டி சும்மா புறப்பட முடியாது. அந்தச் சபைத் தவிசாளர் கடிதம் தரவேண்டும், இந்தச் சபை முதல்வர் அதில் ஒப்பமிட வேண்டும். வழியில் கண்ணெதிரே கண்ட தீக்கு மட்டும் கடிதம் தேவையில்லை. இந்த இழுபறி வேண்டாம், கூப்பிட்டால் ஒருவருக்கொருவர் போவோம் என்று இரண்டு சபைகளும் ஒப்பந்தம் செய்யலாம் என மாகாணத்திலிருந்து யோசனை வந்திருந்தது. ஜெயராஜா அதற்கு எதிர்.

"போன வருசம் இந்தக் கடை எரியக்குள்ள வண்டி பாலத்தடி மட்டும் வந்திட்டு. கடிதம் வரல்ல எண்டு அங்கயே நிண்டது" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "நான் இஞ்ச இருந்து பாத்துக்கு நிண்ட. இந்தச் சாரதித் தம்பிதான் அண்டைக்கும் வண்டிய ஓட்டி வந்த."

"என்ன செய்யிற அக்கா, சட்டம் சட்டம்தானே. எங்கட டீசல் எங்கட சனத்துக்கு."

அவள் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். ஜெயராஜாவுக்கு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டார்.

பாதிச் சோற்றில் வெளியே சத்தம் கேட்டது. வயலோரத்து வைக்கோல் குவியல் ஒன்று தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. காற்று கிடுகு வீடுகள் பக்கம் அடித்தது.

ஜெயராஜா எச்சில் கையோடு வெளியே ஓடி வருவதற்குள் வண்டி வரம்போரம் போய்ச் சேர்ந்துவிட்டது. குழாயைப் பிடித்தவர் சாரதியே. கொஞ்ச நேரத்தில் தீ அடங்கிப் புகை மட்டும் மிஞ்சியது. வீடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டுக் கொட்டிலில் நின்ற கன்றுகூடத் தப்பிவிட்டது.

சாரதி கரி அப்பிய முகத்தோடு திரும்பி வந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆச்சிப்பிள்ளை செம்பு நிறையத் தண்ணீர் நீட்டினாள். அவர் அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வெறும் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெயராஜாவுக்கும் மனம் இளகியதுதான். என்றாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"நல்ல காலம், சாப்பிட வந்த இடத்தில கண்ணில பட்டுது. ஆனா நான் கூட்டத்தில சொல்லத்தான் வேணும். சொந்த வயித்துக்குச் சபை வண்டிய எடுக்க ஒண்ணா. உங்கட பேர் என்ன தம்பி?"

"நௌஷாட், சேர்."

சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வண்டி பாலத்துப் பக்கம் திரும்பி மறையும் வரை ஜெயராஜா பார்த்துக்கொண்டே நின்றார். மீதிச் சோற்றுக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

பின்னேரம் கூட்டத்தில் ஒப்பந்தத்துக்கு ஆதரவானவர்களைக் கேட்டபோது, முதலில் உயர்ந்த கை ஜெயராஜாவுடையது. சபையே திரும்பிப் பார்த்தது.

"என்ன ஜெயராஜா, அந்தப் பக்கம் சாப்பிடப் போற சாரதிய இண்டைக்குப் பிடிச்சிக் காட்டுறன் எண்டீங்க?" என்று சிரித்தார் முதல்வர். "பிடிச்சீங்களா?"

"பிடிச்ச சேர். கடிதம் இல்லாம நெருப்பணைக்க வேற வழியில்ல எண்டு, சாப்பாட்டு நேரத்தில அங்க போய் வயலுக்குக் காவல் நிக்கிறார், நோன்பு பிடிச்ச மனுசன்."