செடிக்கு உரம்

"ராத்திரியில எதுக்குப்பா செடிக்கு உரம் போடறீங்க?"

மருதேவி அம்மாள் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றதும், மகன் மகாவீரின் கையிலிருந்த சிரிஞ்சு தொட்டித் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"வெயில்ல போட்டா வெந்துடும்மா" என்றான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பொய்யும் வயக்காட்டிலிருந்துதான் வந்தது. அம்மா தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மருமகள் வர்ஷாவுக்குத்தான் போன மூச்சு திரும்பி வர நேரமானது.

தொட்டியில் இருந்தது செடியில்லை. உயிருள்ள கடல் பவளம். செங்கம் ரோட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பும்போது சிநேகிதத்துக்காக மகாவீரிடம் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனது. சாலிஸ் என்று பெயராம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தட்டு, அதில் பச்சைப் பச்சையாகக் கண்கள். நீல விளக்கைப் போட்டால் வேங்கிக்கால் வீட்டுக் கூடமே கடலுக்கடியில் இறங்கிவிடும். சுவரும் அலமாரியும் மருதேவி அம்மாளின் வெள்ளைப் புடவையும் மெல்ல மெல்ல அசையும். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால்தான் உட்காருவாள். ஆவியாகிற அளவுக்குத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான், அதையும் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவாள்.

வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது. வெளிச்சம் கம்மியாக வேண்டும், தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும், பக்கத்தில் வேறு பவளம் வைத்தால் கொட்டிவிடும். கடைசி வரிதான் தலையில் கல்லைப் போட்டது. விளக்கணைத்த பிறகு அது வாய் திறக்கும், வாரம் இரண்டு முறை எறாவைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கவும்.

சமண வீட்டில் எறா. அதுவும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வாயில் ஒரு பருக்கை வைக்காத மருதேவி அம்மாள் இருக்கிற வீட்டில்.

முதல் மாதம் கொடுக்காமல் இருந்து பார்த்தார்கள். பவளத்தின் ஓரம் வெளுத்து உள்ளே எலும்பு தெரிந்தது. கண்ணெதிரில் ஓர் உயிரைப் பட்டினி போட்டுக் கொல்வதும் பாவம்தானே என்று மகாவீர் இரண்டு நாள் குழம்பினான். பிறகு சென்னைக்குப் போய், அரைத்து உறையவைத்த எறாக் கட்டிகளை வாங்கி வந்துவிட்டான். ஃப்ரீஸரில் ஒரு டப்பா, மேலே 'செடி உரம்' என்று எழுதிய சீட்டு. செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி விளக்கணைத்தபின் சாப்பாடு. அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவாள். மூட்டுவலிக்காரிக்கு அங்கே ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

வர்ஷாவுக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. அத்தை அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் உபவாசம் இருப்பது வழக்கம். இந்த இரண்டு வருஷமாக அதோடு புதனும் சனியும் சேர்ந்துகொண்டன. நாள் முழுக்க வெறும் வெந்நீர்தான். ஏன் என்று கேட்டால் "இருக்கட்டும்மா" என்பதோடு சரி. கல்யாணமாகி ஆறு வருஷம், வர்ஷாவுக்கு இன்னும் குழந்தை இல்லை. பேரப்பிள்ளை வேண்டித்தான் அத்தை வயிற்றைக் காயப்போடுகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு புதன்கிழமையும் சமையலறையில் யாருக்கும் தெரியாமல் அழுவாள்.

அந்த ஐப்பசியில் வர்ஷாவின் அப்பாவுக்கு வேலூரில் ஆபரேஷன். மூன்று நாள் என்று இருவரும் கிளம்பிப் போனது பத்து நாள் இழுத்துவிட்டது. நடுவில் அத்தை போன் செய்தாள்.

"இங்க ஒரே மழை. ரெண்டு நாளா கரெண்டே இல்ல. எதிர்வீட்டு காசி ஆட்டோ பேட்டரியை வெச்சு தொட்டிக்குக் காத்து மிஷினை ஓட்டிட்டான். கவலப்படாதீங்க."

மகாவீருக்குப் பவளம் பிழைத்ததே போதும் என்றிருந்தது. வர்ஷாவின் நினைப்பு ஃப்ரீஸருக்குப் போனது. இரண்டு நாள் கரெண்ட் இல்லாத ஃப்ரீஸரில் எறா என்ன ஆகியிருக்கும்? அந்த நாற்றத்தை எந்த உரத்தின் தலையில் கட்டுவது?

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது சந்தன வாசனைதான் வந்தது. அடுப்பு பற்றவைத்த சுவடே இல்லை. ஃப்ரீஸர் துடைத்துச் சுத்தமாக இருந்தது. உர டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. பவளம் மட்டும் ஓரம் வரை நிறம் ஏறி, போனபோது இருந்ததைவிடத் தளதளவென்று இருந்தது. அதன் முன்னால் அத்தை மாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் அலையடித்தது.

"அத்தை, அந்த உரம்…" வர்ஷா மெல்ல ஆரம்பித்தாள்.

"கெட்டுப்போச்சும்மா, தூக்கிப் போட்டுட்டேன். காசியை மார்க்கெட்டுக்கு அனுப்பி எறா வாங்கியாரச் சொன்னேன். அவன் சம்சாரம் பொடியா நறுக்கிக் குடுத்தா. நீங்க போடற மாதிரியே செவ்வாயும் வெள்ளியும் நானே போட்டேன்."

மகாவீர் பையைக் கீழே வைத்தான். வர்ஷா குனிந்து அத்தையின் காலைத் தொட்டாள். "மன்னிச்சுடுங்க அத்தை. எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முதல் நாள் ராத்திரியே எழுந்து வந்து பாத்தேன். விளக்கணைச்சதும் வாய் தொறக்கற செடி எந்தக் காட்டுல இருக்குது? அது ராத்திரி சாப்பிடற ஜீவன், அதும் மேல குத்தமில்ல. ஆனா அதுக்காவ செத்த உயிருக்கு இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணுமில்ல?" மருதேவி அம்மாள் மருமகளின் தலையைத் தடவினாள். "பின்ன புதனும் சனியும் நான் எதுக்குப் பட்டினி கெடக்கறேன்னு நெனச்சே?"