கம்பியும் கறுப்புக் கண்ணாடியும்

வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறேன். பல் டாக்டர் ரஞ்சனி பேனா போன்ற கருவியை என் ஈறில் வைக்கிறார். நுனியில் எரியும் சிவப்பு வெளிச்சம் இளஞ்சூடாகப் படுகிறது. இந்த லேசரில் வீக்கம் வற்றினால்தான் கம்பி பல்லை ஒழுங்காக நகர்த்துமாம், இல்லையென்றால் பல் ஆடத் தொடங்கிவிடுமாம். ரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷையே தொடவிடாமல் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவைத்து வீக்கத்தைக் கூட்டியது அம்மாதான். லேசர் கண்ணில் படாமலிருக்க அவளும் என்னைப் போலக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு காலடியில் நிற்கிறாள். தறிச் சத்தத்தில் பழகிய குரல் அறை முழுக்க இரைகிறது. “ஏனுங்க டாக்டரு, வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. கம்பியக் கழட்டிப்போடுங்க. ஊட்டுல மொதமொதல்ல டிகிரி வாங்குன புள்ள, சிரிச்சா இரும்புக் கதவாட்டம் இருக்குது.” டாக்டர் நிமிராமலே சொல்கிறார்: “இப்பக் கழட்டினா பல்லு பழையபடி போயிரும்மா.” “போனாப் போவுதுங்க. கண்ணாலம் முடிஞ்சு மாட்டிக்கலாம்.” இருவரும் என் வாய்க்கு மேலேயே பேசுகிறார்கள். தாடை வலிக்கிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. வெளிச்சம் அணைகிறது. வாயிலிருந்த எச்சில் உறிஞ்சும் குழாயை நானே எடுத்து ஓரமாக வைக்கிறேன். “கம்பி இருக்கட்டுங்க டாக்டர். வாரவங்க கம்பியோடவே பாக்கட்டும்.” அம்மா கறுப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றாமல் என்னைப் பார்த்தபடி நிற்கிறாள்.