குரல் தேர்வு

"எழுதினதை வாசிச்சுக் காட்டுற சாப்ட்வேர் வேணும். வீட்டுக்காரருக்கு."

"பார்வைக் குறைவாம்மா?" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை. குரலைப் போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் திறந்தார். கம்பீரமான ஆண் குரல் அதை வாசித்தது.

"எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. பத்திரம், பைல் எதுவானாலும் கணீர்னு படிக்கும்."

அந்த அம்மா கீபோர்டை இழுத்து, ஒற்றை விரலால் ஒரு வரி அடித்தார். குரல் முழங்கியது.

"மூதேவி, அறிவிருக்கா உனக்கு?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது!"

"வீட்ல தினமும் கேட்டதுதான். வேற குரல் போடுங்க."

இரண்டு குரல்களை வேண்டாம் என்றார். அடுத்து வந்த சிறுமியின் குரல் அதே வரியைக் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னது.

"இது போதும். சத்தத்தைக் கூட்ட முடியாம பண்ணிக் குடுங்க."

"பத்திரம் படிக்க இது சரிப்படாதேம்மா."

"பத்திரம் படிக்க இல்லை. அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். பேச்சு போயிடுச்சு. இனி அவர் எழுதுவார், இது பேசும்."

கடைக்காரர் தயங்கினார். "குரல் பிடிக்கலை, மாத்துன்னு சார் சத்தம் போட்டா?"

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார்.

"அதையும் இந்தக் குரல்லதானே போடணும்."