பத்து நிமிஷ வீணை
பரளச்சி துணை சுகாதார நிலையத்தில் பகல் வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருக்கிறது. மளிகைக்கடை முத்துமாரியம்மாளுக்குப் பிரஷர் நூற்று அறுபது. மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டருக்கு எழுதுமுன், வீணை கேட்டால் இறங்குமாமே, பார்ப்போமே என்று நர்ஸ் சுகப்பிரியா செல்போனில் வீணையை ஓடவிடுகிறாள். முத்துமாரியம்மாள் கண்ணை மூடுகிறாள். புளி ஒட்டிய விரல்கள் மடியில் மெல்லத் தளர்கின்றன. பத்து நிமிஷம் கழித்துக் கைப்பட்டையைச் சுற்றி மறுபடி பார்த்தால், நூற்று முப்பத்தெட்டு! “வீணை பிடிச்சிருந்துச்சாம்மா?” “அது காதுல எங்க விழுந்துச்சு, தாயி! விடிஞ்சதுல இருந்து இப்பத்தான் உக்காந்தேன்.” சுகப்பிரியா இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “நாளைக்கும் வாங்கம்மா,” என்கிறாள். “பாட்டுப் போடாம, சும்மா உக்காரவச்சுப் பாக்கணும்.”