பத்து மணி அளவு

கெமிஸ்ட் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சவ்வுச் சுருளைப் பாய் விரிப்பதுபோல மேசையில் விரித்தாள்.

உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டால் உப்புத்தாளைப் போலச் சொரசொரத்தது.

உப்புநீர் இந்தச் சுருளுக்குள் புகுந்து குடிநீராக வெளியே வரவேண்டும். மூன்று வாரமாகப் பாதிதான் வந்தது. நேற்று மாலை ஆலையை நிறுத்தி ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு, இன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல மறுபடி ஓட்டியிருந்தார்கள்.

படிவின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டாள்.

புஸ்ஸென்று நுரைத்தது.

"சுண்ணாம்பு. படியாம இருக்கப் போடற மருந்து தண்ணியில கலக்கவே இல்ல சார்."

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

மருந்தை ஏற்றும் பம்பும் அதன் மீட்டரும் பிட்டரின் பொறுப்பு. பிட்டர் என் மாமனார். ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, ஆலை ஓடும் நேரமெல்லாம், மணிக்கொரு தடவை மருந்து அறைக்குப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு.

மருந்து அறை ஆலையின் பின்கோடியில் இருக்கிறது. ஒருமுறை போய்வந்தால் நெடி சட்டையை விட்டுப் போகாது.

அன்று என் சட்டையில் சோப்பு வாசனை.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. இங்க ஊரே தண்ணியில்லாம உட்கார்ந்திருக்கு. தின்னவன் யாருன்னு தெரிஞ்சா, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் மேனேஜர்.



"மாப்பிள்ளையோட ரெஜிஸ்டரப் பாத்துட்டுப் பேசுங்க சார். பத்து வருஷத்துல ஒரு அடித்தல் திருத்தல் காட்டுங்க, நான் மீசைய எடுத்துடறேன்" என்றார் மாமனார்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்ததாக ஆலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் எடுத்து வருகிறேன் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டி, இன்றைய பக்கத்தைத் திறந்தார். விரலை முதல் கட்டத்தில் வைத்து, பெயரனின் மதிப்பெண்ணைப் படிப்பதுபோல உரக்கப் படித்தார்.

"ஆறு மணி, மூணு புள்ளி ரெண்டு. ஏழு மணி, மூணு புள்ளி ரெண்டு. எட்டு, அதேதான். ஒம்பது, அதேதான். பத்து, மூணு புள்ளி ரெண்டு."

விரல் அடுத்த கட்டத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அவ்வளவுதான் சார். பத்து மணி வரைக்கும் போட்டிருக்காரு."

"அப்ப மருந்து போனதாத்தானே மீட்டர் காட்டியிருக்கு?"

"முள்ளு சிக்கியிருக்கும். அவரு பாத்தத எழுதியிருக்காரு. முள்ளு நகரலைன்னு கவனிச்சு மாத்தியிருக்க வேண்டியவன் நான்தான்."

மேனேஜர் கையை நீட்டினார். மாமனார் ரெஜிஸ்டரைக் கொடுக்கவில்லை. மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, அந்த நீட்டிய கையில் வைத்தார்.



போகிற வழியில் ரெஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்திரம்" என்றார். மாப்பிள்ளை என்று சேர்க்கவில்லை.

சுவர்க்கடிகாரத்தில் மணி பத்தரை.

நான் பக்கத்தைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியும். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நான்கு கட்டங்களிலும் மூன்று புள்ளி இரண்டு, ஓர் அடித்தல் இல்லாமல், என் கையெழுத்தில்.